கிருபை வருஷம்

நோர்பி, 1855 ஜனவரி 14

அன்புள்ள தம்பி லவ்ரிட்ஸுக்கு,

கர்த்தருடைய தயவால் நானும் ஈவரும் நலம். உன் மார்புச்சளி விட்டதா, நான் பின்னி அனுப்பிய காலுறை கிழியாமல் இருக்கிறதா என்று எழுது.

நம் குருவானவர் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு காலமானார். பிரசங்கத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்லிக் கஞ்சி கேட்டிருக்கிறார். கஞ்சி ஆறுவதற்குள் போய்விட்டார். சிட்செல்தான் அப்பாவின் கண்களை மூடினாள். அவர் நாற்காலியை யாரும் நகர்த்தக் கூடாது என்று குருவம்மா இன்னமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

வழக்கப்படி அவர்களுக்குக் கிருபை வருஷம் கொடுத்திருக்கிறார்கள். வருகிற கிறிஸ்துமஸ் வரை தாயும் மகளும் குருமனையில் இருக்கலாம். அப்புறம் அடுப்புச் சாம்பல் உட்பட எல்லாவற்றையும் புதுக் குருவானவருக்கு விட்டுவிட்டு வெளியேற வேண்டும். அந்தப் புதுக் குருவானவர் நீயாக இருந்தால் யாரும் எங்கும் போக வேண்டாம். உனக்கென்று ஒரு சபை கிடைக்கட்டும் என்று நிச்சயமாகி ஏழு வருஷமாகக் காத்திருக்கிற சிட்செல், தான் பிறந்த வீட்டிலேயே உன் மனைவியாக இருப்பாள். நான் உன்னைத் தினமும் பார்க்கலாம்.

சபைக்கு ஆளை நியமிக்கிற ராஜாவுக்கு விண்ணப்பம் போக வேண்டும், அவ்வளவுதான். போன கோடையில் நீ அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுத் தாள்களில் இரண்டு என்னிடம் மிச்சம் இருக்கின்றன. எந்த ஊர் காலியானாலும் உன் கோழிக் கிறுக்கலைத் தவிர்த்து நான் அழகாக எழுதி அனுப்புவதுதானே நம் ஏற்பாடு? இதுவரை கேட்ட ஊர்களெல்லாம் தவறிவிட்டன. இது தவறாது என்று மனம் சொல்கிறது. சரி என்று ஒரு வரி எழுது, போதும்.

உன்னை ஜெபத்தில் வைத்திருக்கும் அக்கா,
மாரென்


கோபன்ஹேகன், பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

கடல் உறைந்து கப்பல்கள் நின்றுவிட்டதால் உன் கடிதம் இப்போதுதான் வந்தது. சளி விடவில்லை. காலுறை நன்றாக இருக்கிறது. அத்தானுக்கு என் வணக்கம்.

குருவானவர் போனது பெரிய துக்கம். எனக்கு முதல் லத்தீன் வார்த்தையைக் கற்றுக்கொடுத்தவர் அவர். சிட்செலுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் எந்த வீட்டுக்கும் பொருந்துகிற அனுதாபக் கடிதமாக இருந்தது. ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

இங்கே இரண்டு பையன்களுக்குப் பாடம் சொல்கிறேன். சின்னவன் தூங்குகிறான். பெரியவன் தூங்குகிற மாதிரி நடிக்கிறான். ஊர் முழுக்க இப்போது ஒரே பேச்சு. ஒருவர் பத்திரிகையில் திருச்சபையையே எதிர்த்து எழுதிக்கொண்டிருக்கிறார். இவ்வளவு பேரும் பிறந்தவுடனேயே கிறிஸ்தவர்கள் ஆகிவிடுகிறார்களே, அப்படியென்றால் உண்மையில் ஒருவனாவது கிறிஸ்தவனா என்று கேட்கிறார். நான் அவருடைய பழைய புத்தகங்களைத் தேடி எடுத்துப் படிக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு ஜெர்மானியர்களின் பெரிய தத்துவத்தைக் கற்பித்தார்கள். உலகம், சரித்திரம், கடவுள் எல்லாவற்றுக்கும் அதில் ஓர் அறை உண்டு. டென்மார்க் முழுவதையும் வரைந்த வரைபடம் மாதிரி. அந்த வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்தப் பாதையில் போவது என்று தெரியாமல் மழையில் நிற்கிறானே ஒருவன், அவன் மட்டும் அதில் இல்லை. இந்த மனிதர் அவனைப் பற்றித்தான் எழுதுகிறார். இருத்தல் என்ற சாதாரணச் சொல்லை எடுத்து, அது யோசித்து முடிக்கிற காரியமல்ல, ஒவ்வொருவனும் தானே வாழ்ந்து தீர்க்க வேண்டியது என்கிறார்.

விண்ணப்பத்தைப் பற்றி அடுத்ததில் எழுதுகிறேன்.

உன் தம்பி,
லவ்ரிட்ஸ்


நோர்பி, மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். என் சுகத்தைப் பற்றித் தனியாக ஒரு சேதி. மே மாதம் எங்களுக்குப் பிள்ளை பிறக்கும். இத்தனை வருஷம் கழித்துக் கர்த்தர் நினைத்திருக்கிறார். நீ வந்து ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும்.

மழையில் நிற்கிறவனைப் பற்றி எழுதியிருந்தாய். ஈவரிடம் படித்துக் காட்டினேன். "வரைபடத்தை மடிச்சுட்டு யாரையாவது வழி கேக்க வேண்டியதுதானே? உன் தம்பிக்கு வாய் இல்லையா?" என்றார். நான் சிரித்தேன். ஆனால் இரவு ஜெபத்தில் முழந்தாளிட்டபோது அந்த மனிதன் என் மனதில் வந்து நின்றான்.

குருமனைக்கு இதுவரை மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எல்லோரும் விண்ணப்பம் போட்டவர்கள். ஒருவர் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். இன்னொருவரின் மனைவி சிட்செலின் முன்னாலேயே திரைச்சீலையை அளந்தாள். "இந்தப் பக்கம் வெயில் அதிகம், துணி வெளுத்துடும், கொஞ்சம் கெட்டியா எடுங்க," என்று சிட்செலே யோசனை சொல்லியிருக்கிறாள். வந்தவர்களுக்குக் காப்பி வேறு. அவள் அப்படித்தான்.

உன்னைப் பற்றி அவள் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதைப் பார்த்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

கோடைக்குள் முடிவு செய்துவிடுவார்களாம். தாள் இருக்கிறது, மை இருக்கிறது. உன் ஒரு வரிதான் இல்லை.

அக்கா,
மாரென்


கோபன்ஹேகன், ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சேதி படித்து இரண்டு தெரு சும்மா நடந்தேன். கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் காப்பாராக. மே மாதம் பையன்களுக்குத் தேர்வு. வருவது கஷ்டம். சிட்செல் ஞானத்தாயாக நிற்பாளே, அது போதாதா?

சாப்பாட்டு விடுதியில் என்னைப் போலவே சபைக்குக் காத்திருக்கும் டிட்லெவ் என்ற கிழட்டு மாணவர் உண்டு. தலை நரைத்துவிட்டது. நேற்று உப்பு மீனை முள் நீக்கிக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, நோர்பி காலியாமே? பொண்ணும் அங்க, வீடும் அங்க. எல்லாம் சமைச்சு மூடி வச்சிருக்கு. மூடியைத் திறக்கக் கை வலிக்குதா?"

"நான் குருவானவர் ஆகணும்னு யார் முடிவு பண்ணினது, டிட்லெவ்?"

"உங்கப்பா."

"அவரை?"

"அவங்கப்பா. அப்படியே பின்னால போனா நம்ம சபையை ஆரம்பிச்ச லூத்தர்கிட்ட போய் நிக்கும். அவரோட அப்பா மட்டும் பையன் வக்கீலாகணும்னு சொன்னார். அவர் கேக்கல. அதனாலதான் நாம எல்லாரும் இந்த மீனைத் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கோம்."

விடுதியே சிரித்தது. நானும்தான். ஆனால் அக்கா, குருப்பட்டம் பெறும் நாளில் பேராயர் கேட்பார், நான் "ஆம்" என்பேன். ஞானஸ்நானத்தில் எனக்காக வேறு ஒருவர் "ஆம்" என்றார். எந்தப் படிப்பு என்பதற்கு அப்பா "ஆம்" என்றார். நிச்சயத்தின்போதும்... இல்லை, அது வேறு. என் நம்பிக்கை போய்விட்டது என்று நினைக்காதே. நம்புகிறேனா என்று என்னை நானே கேட்டதில்லை என்பதுதான் இப்போது தெரிகிறது.

கொஞ்சம் பொறு. அவசரப்படுத்தாதே.

தம்பி,
லவ்ரிட்ஸ்


நோர்பி, மே 29

அன்புள்ள தம்பிக்கு,

பெண் குழந்தை. பெயர் போடில். தாயும் பிள்ளையும் சுகம். அவளுக்கு உன் காது.

ஞாயிறு ஞானஸ்நானம் நடந்தது. பக்கத்து ஊர்க் குருவானவர் வந்து கொடுத்தார். நான் வீட்டில்தான் இருந்தேன். பிள்ளை பெற்றவளைக் கோயிலுக்குள் சேர்த்துக்கொள்ளும் நாள் வரை வாசல் தாண்டக் கூடாதே. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மணியோசையைக் கேட்டேன். என் பிள்ளையிடம் கேள்வி கேட்கிறார்கள், அவளுக்காக வேறொருத்தி பதில் சொல்கிறாள், நான் இங்கே கஞ்சி கிண்டிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. இதற்கு முன்னால் இப்படி ஒரு எண்ணம் எனக்கு வந்ததில்லை. உன் கடிதங்களால் வந்த வினை.

ஈவர் வந்து சொன்னார்: "சிட்செல் எல்லாக் கேள்விக்கும் பட்டுபட்டுன்னு பதில் சொன்னா. 'இந்த விசுவாசத்துல ஞானஸ்நானம் பெற விரும்புறியா'ன்னு கடைசிக் கேள்வி வந்ததும் அப்படியே நின்னுட்டா. ஐயா தொண்டையைச் செருமினார். கோயில்பிள்ளை என் காலை மிதிச்சார், என்னமோ நான்தான் பதிலை மறந்துட்ட மாதிரி. அப்புறம் சொன்னா, ரொம்ப மெதுவா."

சிட்செலைக் கேட்டேன். "தலை சுத்திச்சு மாரென். கூட்டம்," என்றாள். கோயிலில் கூட்டமே இல்லை.

உப்பங்கழியில் இந்த வருஷம் மீன் நிறைய. உனக்கு ஒரு கூடை காய்ந்த மீன் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா,
மாரென்


கோபன்ஹேகன், ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

போடிலுக்கு மாமாவின் முத்தங்கள். என் காது வாய்த்ததற்காக அவளிடம் மன்னிப்புக் கேள்.

மீன் வந்தது. டிட்லெவ் பாதியைத் தின்றுவிட்டார். திருச்சபையை எதிர்த்து எழுதுகிறாரே, அவர் இப்போது சிறு தாள்களாக அச்சிட்டு விற்கிறார், நான் ஒன்றுவிடாமல் வாங்குகிறேன். ஒருநாள் டிட்லெவிடம் சொன்னேன், பயத்தைப் பற்றி இவர் எழுதியிருப்பது போல வேறு யாரும் எழுதவில்லை என்று. நாயைக் கண்டு பயப்படுவது வேறு. எதை வேண்டுமானாலும் செய்ய நமக்குச் சுதந்திரம் இருக்கிறது என்று தெரியும்போது வயிற்றில் ஒன்று புரளுமே, அது வேறு.

டிட்லெவ் மீனைக் கீழே வைத்துவிட்டார். "இந்த ஆள் கடவுளுக்கு முன்னால தனியா நிக்கச் சொல்றான். நாளைக்கு ஒருத்தன் வருவான், கடவுளை எடுத்துட்டு, தனியா நிக்கிறதை மட்டும் வச்சுக்குவான். அன்னிக்கு நம்ம பேரப்பிள்ளைங்க இதே மாதிரி ஒரு விடுதியில உக்காந்து அதைப் பேசுவாங்க, பாரு."

"அப்போ இது தப்பான பாதையா?"

"பாதைன்னு எங்க சொன்னேன்? உனக்குப் பேரப்பிள்ளை வேணும்னா முதல்ல கல்யாணம் பண்ணுன்னு சொல்றேன்."

போன கடிதத்தில் விண்ணப்பத்தைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் புரிந்துகொண்டாய் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு நன்றி. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறேன்.

தம்பி,
லவ்ரிட்ஸ்


கோபன்ஹேகன், ஜூலை 18

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, பொறுத்துக்கொள்.

இன்று காலை ராஜ முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. நோர்பி சபைக்கு நான் நியமிக்கப்பட்டிருக்கிறேன். என் "பணிவான விண்ணப்பத்தை" மாட்சிமை தங்கிய ராஜா கனிவோடு ஏற்றாராம். வீட்டுக்கார அம்மா கீழ்த்தளம் முழுவதற்கும் சொல்லிவிட்டாள். பாடம் கற்கும் பையன்கள் எழுந்து நின்றார்கள், தூங்குகிறவன்கூட. டிட்லெவ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரும் இதே ஊருக்கு விண்ணப்பித்திருந்தாராம். எனக்குத் தெரியாது.

நான் விண்ணப்பம் எதுவும் அனுப்பவில்லை. அது உனக்கும் தெரியும்.

லவ்ரிட்ஸ்


நோர்பி, ஆகஸ்ட் 5

அன்புள்ள தம்பிக்கு,

போடில் சுகம். நான் இப்போது வெளியே போய்வருகிறேன்.

நான்தான் அனுப்பினேன். ஏப்ரல் கடைசியில், உன் "அவசரப்படுத்தாதே" வந்த மறுநாள். இரண்டு தாளில் முதலாவதில் மை சிந்திவிட்டது, அதை அடுப்பில் போட்டேன். அப்போதே நிறுத்தியிருக்கலாம். அடுத்த தாளை எடுத்தேன்.

உன் கையெழுத்து உன் கையெழுத்துதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரைச்சீலை அளக்க வந்தவள் கண்ணுக்குள்ளேயே இருந்தாள். குழந்தை சரியாகப் பிறக்க வேண்டும், நான் பிழைக்காவிட்டால் உங்கள் எல்லோருக்கும் ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும் என்ற பயமும் இருந்தது. ஜெபித்துவிட்டுத்தான் எழுதினேன். அது என்னை நியாயப்படுத்தாது, தெரியும். எனக்கு வேண்டிய பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபித்தேன்.

ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். கோயில்பிள்ளை உனக்காகப் பிரசங்க மேடைப்படியைச் சரிசெய்கிறார். குருவம்மா அந்த நாற்காலியை முதல்முறையாகத் துடைத்திருக்கிறார், உனக்குத் தருவதற்காக. சிட்செலிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "அவருக்கு நானே எழுதறேன்," என்றாள்.

இனி வேண்டாம் என்று மறுத்தால் உனக்கு வேறு சபை கிடைக்காது என்று பயமாக இருக்கிறது. ஆனால் இந்த முறை நான் கேட்கப்போவதில்லை.

அக்கா,
மாரென்


நோர்பி குருமனை, ஆகஸ்ட் 26

அன்புள்ள லவ்ரிட்ஸுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

மாரென்மேல் கோபம் வைக்க வேண்டாம். உங்களுக்கு அவள் செய்ததைத்தான் எனக்கு எல்லோரும் செய்திருக்கிறார்கள். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது.

ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் நான் நின்றுபோனது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு விசுவாசத்தில் சந்தேகம் இல்லை. ஆனால் "விரும்புறியா" என்று அந்த ஐயா கேட்டபோது, அது குழந்தைக்கான கேள்வி என்பது ஒரு கணம் மறந்துவிட்டது. என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். இதற்கு முன்னால் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் நீங்களும் கேட்கவில்லை, லவ்ரிட்ஸ். அப்பாவின் அறைக்குள் போனீர்கள், வெளியே வந்தீர்கள், அப்பா சரி என்றார், நான் காப்பி கொண்டுவந்தேன்.

பக்கத்து நகரமான ரிங்கோபிங்கில் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை ஒன்று இருக்கிறது. ஏற்றுக்கொண்டேன். பள்ளிக்கு மேலேயே இரண்டு அறைகள் தருகிறார்கள். அக்டோபரில் அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன். கிருபை வருஷத்தில் மிச்சமுள்ள நாட்கள் எனக்கு வேண்டாம். அம்மா அழுதார். நாற்காலியையும் எடுத்துப்போகலாம் என்றதும் சமாதானமானார்.

ஆகையால் எங்களை நினைத்து நீங்கள் இந்தச் சபையை ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். அன்று அப்பாவிடம் நீங்கள் கொடுத்த வாக்கை உங்களுக்குத் திருப்பித் தருகிறேன். மோதிரத்தை அனுப்பவில்லை, தபாலில் தொலைந்துவிடும். பெட்டியில் வைத்திருக்கிறேன்.

எப்போதாவது என்னைக் கேட்கத் தோன்றினால் நேரில் வந்து கேளுங்கள். என்ன பதில் சொல்வேன் என்று இன்றைக்கு எனக்கே தெரியாது. அது தெரியாமல் இருப்பது நன்றாக இருக்கிறது.

கர்த்தர் உங்களோடு இருப்பாராக.
சிட்செல்


கோபன்ஹேகன், நவம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக எழுதாததற்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் மூவரும் சுகமா?

செப்டம்பரில் ராஜாவுக்கு எழுதி, நியமனத்தை ஏற்க இயலவில்லை என்று தெரிவித்துவிட்டேன். காரணம் எழுத நான்கு பக்கம் ஆனது. கிழித்துவிட்டு இரண்டு வரி எழுதினேன். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, கவலைப்படாதே. அடுத்த மூன்று நாள், சுதந்திரத்தைப் பற்றி முன்பு எழுதினேனே, அந்தப் பயம் என்னை விடவில்லை. புத்தகத்தில் படித்தபோது அழகாக இருந்த சமாச்சாரம், வந்தபோது வாந்தி எடுத்தேன்.

அந்தச் சிறு தாள்களை எழுதினவர் இந்த மாதம் இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போனேன். தனி மனிதனைப் பற்றியே எழுதினவருக்கு, உள்ளே நுழைய முடியாத கூட்டம். நெரிசலில் என் தொப்பி போய்விட்டது. அவர் சொன்னதெல்லாம் சரியா என்று எனக்குத் தெரியாது. குருவானவர்களைப் பற்றி அவர் எழுதியது நம் பழைய குருவானவருக்குப் பொருந்தாது. ஆனால் என்னை எழுப்பிவிட்டதற்கு நன்றி சொல்லப் போனேன்.

ரிங்கோபிங்குக்கு வடக்கே ஒரு குக்கிராமப் பள்ளிக்கு ஆசிரியர் தேவை என்று விளம்பரம் பார்த்தேன். பல்கலைக்கழகம் படித்தவன் இதற்கா என்று டிட்லெவ் சிரித்தார். என் கிறுக்கலிலேயே எழுதி அனுப்பினேன். "எழுத்து புரியவில்லை, ஆனால் வரலாம்" என்று பதில் வந்திருக்கிறது. அந்தச் சம்பளத்தில் ஒருவன் இருக்கலாம், இருவர் இருப்பது சிரமம். அதை நினைத்து, சிட்செலைப் பார்க்கப் போவதை இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு, சிரமமா இல்லையா என்று சொல்ல வேண்டியது அவள்தான், நான் இல்லை என்று புரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன் வருகிறேன். முதலில் ரிங்கோபிங்கில் இறங்கி சிட்செலைப் பார்ப்பேன். அவளுக்கு முன்கூட்டி எழுதவில்லை. அக்கா, அவள் மனதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிந்தால் ஒரே ஒரு வரி எழுது.

தம்பி,
லவ்ரிட்ஸ்


நோர்பி, டிசம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். போடிலுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. ஈவருக்கு ஒரு பல் விழுந்துவிட்டது.

புதுக் குருவானவர் குடும்பத்தோடு வந்துவிட்டார். நல்ல குரல். அவர் மனைவி குருமனைச் சன்னல்களுக்குக் கெட்டித் துணி போட்டிருக்கிறாள். ஊரில் உன்னைப் பற்றிப் பேசினார்கள். சபையை வேண்டாம் என்றவன் என்று உன்னை, தம்பியைச் சரியாக வளர்க்காதவள் என்று என்னை. கொஞ்ச நாள் கோயிலில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. போடில் நடுவில் சத்தம் போடுவாள் என்பதாலும் இருக்கலாம். உனக்காக அழுதேன். உன்மேல் கோபமும் வந்தது. இப்போது இரண்டும் அடங்கிவிட்டன.

சிட்செல் போன ஞாயிறு இங்கே வந்திருந்தாள். மத்தியானம் அடுப்படியில் என்னோடு உட்கார்ந்து ஆட்டு ரோமம் சிக்கெடுத்தாள். பேச்சோடு பேச்சாக உன்னைப் பற்றி ஒரு விஷயம் சொன்னாள். யோசித்துத்தான் சொன்னாள்.

அதை எழுதப்போவதில்லை.

"ஒரு வரி எழுதிப் போட்டா அவன் நிம்மதியா வருவானே," என்கிறார் ஈவர்.

"நிம்மதியா வர்றதுன்னா யாரு வேணாலும் வருவாங்களே," என்றேன்.

"அப்போ வராமப் போயிட்டா?"

இந்தக் கடிதத்தை நேற்றே முடித்திருப்பேன். அந்த வரியை எழுதிவிடுவேனோ என்று பயந்து பேனாவை வைத்துவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டேன். ஒருவருக்காக ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா, தம்பி? கர்த்தர் தினமும் எப்படித்தான் நம் எல்லோரிடமும் சும்மா இருக்கிறாரோ.

நீ வருவதையும் அவளிடம் நான் சொல்லவில்லை. கப்பல் ஆடும், கம்பளிச் சட்டை இரண்டு போட்டுக்கொள். ரிங்கோபிங்கில் சந்தைக்குப் பின்னால் பச்சைக் கதவு. பள்ளி மூன்று மணிக்கு விடும். நீயே போய்த் தட்டு.

உன் அக்கா,
மாரென்